அம்மா தானே போட்டுப் பார்க்க வேண்டும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினியில் இருக்கும் வீடியோவை வீட்டுத் தொலைக்காட்சியில் பார்ப்பது எப்படி? இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. இதைக் கேட்டதும் என் தோழி ஒருத்தி சிரித்தாள். "ஒரு கேபிளைச் செருகினால் முடிந்தது. இதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்றாள். மாஸ் கம்யூனிகேஷனில் பட்டயம் வாங்கி, பத்தாண்டுகளுக்கு மேலாகக் கேமராவுக்கு முன்னால் நிற்கும் நானும் முன்பு அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் என் அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து, "படம் ஓடுது, உங்கப்பா குரல் எங்கே?" என்று கேட்டார். அன்றுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1990களில் என் அப்பா ஒரு வீடியோ கேமரா வாங்கினார். 8 மில்லிமீட்டர் நாடா போட்டு எடுக்கும் சின்னக் கேமரா. தீபாவளி, பொங்கல், நான் தொடக்கநிலை ஒன்றுக்குப் போன முதல் நாள், அக்காவின் நடன அரங்கேற்றம் என்று எதையும் விடமாட்டார். மொத்தம் 14 நாடாக்கள். படம் எடுப்பவர் எப்போதும் அவரேதான் என்பதால், ஒரு நாடாவில்கூட அவர் முகம் கிடையாது. கேமராவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும்.

2014இல் அப்பா காலமானார். கேமரா அதற்கு முன்பே பழுதாகிவிட்டது. 2016இல் அந்த நாடாக்களை ஒரு கடையில் கொடுத்துக் கணினிக் கோப்புகளாக மாற்றினேன். எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுத் தந்தார்கள். அதை என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதி எனக்கு.

அம்மா அவ்வப்போது கேட்பார். "வாங்கம்மா, லேப்டாப்பில் காட்டுறேன்" என்பேன். அந்தச் சின்னத் திரைக்கு முன்னால் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் சரியாத் தெரியல. நீ வேலையைப் பாரும்மா" என்று எழுந்து போய்விடுவார். இப்படியே ஆறு ஆண்டுகள் போயின. நாடாவாக இருந்தபோதாவது அவர் கண்ணில் பட்டுக்கொண்டு இருந்தது. கோப்பாக மாறிய பிறகு அதுவும் இல்லை.

ஒரு காலத்தில் நம் வீடுகளில் இது ஒரு பிரச்சினையே அல்ல. வீடியோ கேசட்டை உள்ளே தள்ளினால் படம் ஓடும். பிறகு விசிடி வந்தது. அதற்கான விதிமுறை 1993இல் வகுக்கப்பட்டது. மேற்கு நாடுகளில் அது அவ்வளவாக எடுபடவில்லை. நம் தென்கிழக்காசியாவில் சக்கைப்போடு போட்டது. ஒரு வட்டில் ஏறக்குறைய 74 நிமிடம்தான் அடங்கும் என்பதால், ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு மூன்று வட்டுகள் வேண்டும். நடுவில் வட்டை மாற்றுவது எங்கள் வீட்டில் அம்மாவின் பொறுப்பு. அம்மாவுக்குக் கணினி தெரியாது. ஆனால் விசிடியில் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

அது ஏன் அவ்வளவு சுலபமாக இருந்தது? எல்லா விசிடிக்கும் ஒரே விதிமுறை. எந்தக் கடையில் வாங்கிய வட்டும் எந்த வீட்டுப் பெட்டியிலும் ஓடும். கணினிக் கோப்புகளுக்கு அப்படி ஒரே விதிமுறை இல்லை. சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இதை ஓர் அடுக்குக் கேரியரை வைத்துச் சொல்கிறேன். எம்பி4, எம்கேவி, ஏவிஐ என்று கோப்பின் பெயருக்குப் பின்னால் வருகிறதே, அது கேரியரின் பெயர் மட்டும்தான். உள்ளே ஓர் அடுக்கில் படம், இன்னோர் அடுக்கில் ஒலி, சில சமயம் மூன்றாவது அடுக்கில் வசனவரிகள். ஒவ்வோர் அடுக்கிலும் இருப்பது எப்படிச் சமைக்கப்பட்டது என்பதுதான் கோடெக் எனப்படுவது. தொலைக்காட்சியோ பத்தியம் இருக்கும் விருந்தாளி. அது சாப்பிடும் பண்டங்கள் சில, தொடாத பண்டங்கள் பல. கேரியர் பழக்கமானதாக இருந்தாலும், உள்ளே இருப்பது ஒத்துவராவிட்டால் மூடி வைத்துவிடும். சில நேரம் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டுக் குழம்பைத் தொடாமல் விட்டுவிடும். அதாவது படம் வரும், ஒலி வராது.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

2022இல் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, இந்த ஆண்டு அம்மாவுக்குக் காட்டியே தீருவது என்று உட்கார்ந்தேன். கடையில் தந்தவை டிவி எனும் வகைக் கோப்புகள். நாடாவின் தரம் குறையாமல் வைத்திருக்க நல்ல வகைதான். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி பிடிக்கும். 32 ஜிபி தம்ப் டிரைவில் ஏற்றப் பார்த்தேன். காலி இடம் இருந்தும் ஏறவில்லை. அந்த டிரைவ் ஃபேட்32 என்ற பழைய முறையில் இருந்தது. அந்த முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியை எட்டவே கூடாது. சரி என்று டிரைவை எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றி ஏற்றினேன். இப்போது தொலைக்காட்சி டிரைவைப் படித்தது. கோப்பைத்தான் ஏற்க மறுத்தது.

அடுத்து, ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு கோப்பை மாற்றினேன். இங்கேதான் என் படிப்பு எனக்கு எதிராக வேலை செய்தது. நான் ஒளிபரப்புத் துறையில் இருப்பவள் அல்லவா? அப்பாவின் குரலில் ஓர் இம்மிகூடக் குறையக்கூடாது என்று, ஒலிக்கு ஃபிளாக் என்ற உயர்தர வகையைத் தேர்ந்தெடுத்தேன். அம்மாவைக் கூடத்தில் உட்காரவைத்துப் போட்டேன்.

படம் வந்தது. 1997 தீபாவளி. எங்கள் நாலறை வீட்டுச் சமையலறையில் அம்மா முறுக்குச் சுடுகிறார். திரையின் அகலத்துக்குப் படம் இழுபட்டிருந்ததால், "அந்தக் காலத்திலேயே நான் இவ்வளவு குண்டாவா இருந்தேன்?" என்று சிரித்தார். கை அசையும் இடத்தில் எல்லாம் சீப்புப் பல்லைப் போலக் கோடுகள். அதையும் அவர் பொருட்படுத்தவில்லை. திரையில் அவர் நிமிர்ந்து கேமராவைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். யாரிடம் சொல்கிறார்? அப்பாவிடம். அப்பா என்ன கேட்டார் என்பது தெரியவில்லை. ஃபிளாக் ஒலி எங்கள் தொலைக்காட்சிக்கு ஒத்துவரவில்லை. அப்போதுதான் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்த நாடாக்களில் அப்பா என்று இருப்பதே அந்தக் குரல் ஒன்றுதான். தரத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நான் அதையே இல்லாமல் செய்துவிட்டேன்.

அன்றிரவே மீண்டும் மாற்றினேன். இந்த முறை, தொலைக்காட்சி எதைச் சாப்பிடுமோ அதைச் சமைத்தேன். நேயர்கள் குறித்துக்கொள்ளலாம். கேரியர் எம்பி4. படம் எச்.264 வகை. ஒலி ஏஏசி வகை. இந்த மூன்றும் சேர்ந்த கோப்பை இன்றைய தொலைக்காட்சிகளும், கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்தவற்றில் பெரும்பாலானவையும் ஏற்கும். எச்.264 என்பது 2003இல் வந்த விதிமுறை. அதைவிடப் புதியவை உண்டு. 2013இல் வந்த எச்.265 கோப்பின் அளவை இன்னும் சுருக்கும். ஆனால் பழைய பெட்டிகள் பலவற்றுக்கு அது தெரியாது. வீட்டுப் பெரியவர் பார்க்கப்போகும் பிரதிக்குப் புதுமையைவிடப் பொருத்தமே முக்கியம்.

அந்தக் கோடுகளுக்கும் காரணம் உண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அந்நாளில் இருந்தது பால் முறை. விநாடிக்கு 25 படங்கள். ஒவ்வொரு படமும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரண்டு பாதிகளாக வரும். பழைய குழாய்த் தொலைக்காட்சி அவற்றை மாறி மாறி வரைந்துவிடும். மாற்றும்போது அந்தப் பாதிகளை ஒழுங்காகப் பிரித்துச் சேர்க்காவிட்டால், தட்டைத் திரையில் கோடுகள் தெரியும். மாற்றும் மென்பொருளில் டீஇன்டர்லேஸ் என்று ஒரு தேர்வு இருக்கும். அதை இயக்க வேண்டும். படம் அகலமாக இழுபட்டால், தொலைக்காட்சியின் பட அளவை 4க்கு 3 என்று மாற்றினால் போதும். அம்மா மெலிந்துவிடுவார்.

13 ஜிபி கோப்பு ஒன்றரை ஜிபி அளவுக்கு வந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன், மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். சிறியது பார்ப்பதற்கு. பெரியது காப்பதற்கு.

இனி, கணினியிலிருந்து தொலைக்காட்சிக்குக் கொண்டுபோகும் வழிகள். முக்கியமானவை மூன்று.

முதல் வழி, என் தோழி சொன்ன கேபிள். எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால், தொலைக்காட்சி உங்கள் கணினியின் இன்னொரு திரையாகிவிடுகிறது. கோப்பைப் புரிந்துகொள்ளும் வேலை கணினியுடையது. விஎல்சி போன்ற இலவச மென்பொருள் இருந்தால் அநேகமாக எந்தக் கோப்பும் ஓடும். பிரான்சில் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய முயற்சி அது. 2001 முதல் எல்லாருக்கும் இலவசம். படம் தொலைக்காட்சியிலும் ஒலி மடிக்கணினியிலும் வந்தால் பயப்பட வேண்டாம். கணினியின் ஒலி அமைப்பில், ஒலி தொலைக்காட்சிக்குப் போக வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். மெல்லிய மடிக்கணினிகளில் யுஎஸ்பி-சி துளை மட்டும் இருக்கும். இடையில் ஓர் இணைப்பான் வேண்டும். ஆனால் எல்லா யுஎஸ்பி-சி துளையும் படத்தை அனுப்பாது. வாங்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேபிள் நிச்சயமான வழி. ஆனால் அதில் ஒரு குறை. நீங்கள் வீட்டில் இருந்தால்தான் படம் ஓடும். அம்மா தனியாக இருக்கும் மத்தியான வேளையில் அது உதவாது.

இரண்டாவது வழி, தம்ப் டிரைவ். தொலைக்காட்சியின் பின்னாலோ பக்கவாட்டிலோ யுஎஸ்பி துளை இருக்கும். செருகிவிட்டால் ரிமோட்டாலேயே எல்லாம் நடக்கும். கணினி தேவையில்லை. பெரியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். சின்னக் குறிப்புகள் சில உண்டு. ஒரு கோப்பு 4 ஜிபிக்குள் இருந்தால், பழைய பெட்டியும் படிக்கும் ஃபேட்32 முறையிலேயே டிரைவை வைத்திருக்கலாம். பெரும்பாலும் கோப்புகளைத் தொலைக்காட்சி பெயர் வரிசையில்தான் காட்டும். ஆகவே பெயரின் தொடக்கத்தில் ஆண்டைப் போடுங்கள். 1997 தீபாவளி, 1998 பொங்கல் என்று வரிசையாக நிற்கும். சில தொலைக்காட்சிகளில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரியும். அப்படியானால் ஆங்கில எழுத்தில் பெயர் வையுங்கள். நீண்ட கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்தால் இன்னும் நல்லது. ஒரு மணி நேர நாடாவில் முறுக்குச் சுடும் இடத்தைத் தேடி ஓட்டிக்கொண்டிருக்க அம்மாவுக்குப் பொறுமை இருக்காது.

மூன்றாவது வழி, வீட்டு வைஃபை. கணினியில் பிளெக்ஸ், ஜெல்லிஃபின் போன்ற மென்பொருளை அமைத்துவிட்டால், தொலைக்காட்சி அதைத் தேடிக் கண்டுபிடித்துப் படங்களை வரிசையாகக் காட்டும். கோப்பு ஒத்துவராவிட்டால் கணினியே அந்த நேரத்தில் மாற்றிக்கொடுக்கும். வசதியானதுதான். ஆனால் கணினி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். கைப்பேசித் திரையை அப்படியே தொலைக்காட்சியில் காட்டுவது வேறு விஷயம். அவசரத்துக்கு அது உதவும். நீண்ட படத்துக்கு விட்டு விட்டு ஓடி எரிச்சலூட்டும்.

கைப்பேசியில் எடுக்கும் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 முதல் ஐபோன்கள் எச்.265 வகையில் பதிவு செய்யத் தொடங்கின. பழைய தொலைக்காட்சியில் ஓடாவிட்டால் அதுதான் காரணமாக இருக்கும். கேமரா அமைப்பிலேயே பழைய வகைக்கு மாற்றிக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைச் சேமித்துவிட்டு, மூலத்தை அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. பெரிய திரையில் போட்டால் முகம் மங்கிவிடும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. நான் இவ்வளவு நேரம் பேசியது நம் சொந்தப் படங்களைப் பற்றி. எங்கிருந்தோ இறக்கிய திருட்டுத் திரைப்படத்துக்கும் இதே கேபிள் வேலை செய்யும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், திருட்டு ஒளிபரப்புக்கு வழிவகுக்கும் பெட்டிகளை விற்பவர்கள் மீது கை வைக்கிறது. கலைஞர்களின் உழைப்பில் பிழைக்கும் துறையில் இருப்பவள் நான். இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

இப்போது அவசரம் என்ன என்று கேட்பீர்கள். நாடா காந்தப் பூச்சு உள்ள பொருள். காலம் ஆக ஆக அது தேயும். நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சையும் பிடிக்கும். நாடாவை ஓட்டும் கருவிகளும் இல்லாமல் போகின்றன. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் வீடியோ கேசட் கருவி தயாரிப்பை நிறுத்தியது. கடைசிவரை தயாரித்துக்கொண்டிருந்தது அதுதான். 2019இல் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பழைய அனலாக் ஒளிபரப்பு முடிவுக்கு வந்தது. புதுத் தொலைக்காட்சிகள் பலவற்றில் பழைய கருவிகளைச் செருகும் மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகளே இல்லை. பரணில் நாடா வைத்திருப்பவர்கள் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட வேண்டாம்.

மாற்றிவிட்டால் கவலை தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். ஹார்ட் டிஸ்க் சொல்லிக்கொண்டு சாவதில்லை. இன்று ஓடும், நாளை ஓடாது. மூன்று பிரதி வையுங்கள். அதில் ஒன்றாவது வேறு வீட்டில் இருக்கட்டும். எங்களுடையது ஒன்று என்னிடம், ஒன்று இணையச் சேமிப்பில், இன்னொன்று ஜோகூர் பாருவில் அக்கா வீட்டில்.

அந்தத் தீபாவளிக்கு அக்கா குடும்பத்தோடு வந்திருந்தார். கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தோம். இந்த முறை ஒலி வந்தது. "இங்க பாரும்மா, கொஞ்சம் சிரி" என்கிறார் அப்பா. திரையில் அம்மா நிமிர்ந்து, "அடுப்புல எண்ணெய் காயுது, இப்ப உங்களுக்குப் படம் ஒரு கேடா?" என்கிறார். அப்பா சிரிக்கும் சிரிப்பில் கேமரா ஆடுகிறது. நாங்களும் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை போடு" என்றார். தாத்தாவைப் பார்த்தே இராத அக்கா மகன், "சித்தி, தாத்தா எங்கே? ஏன் படத்தில் வரமாட்டேங்கிறார்?" என்று கேட்டான். அதற்குப் பதில் சொன்னது அம்மா. அப்பா கேமரா வாங்கிய கதையிலிருந்து தொடங்கி, அன்றிரவு அவர் சொன்னவற்றில் பாதி எனக்கே தெரியாதவை. லேப்டாப்பில் நான் தனியாகப் பார்த்திருந்தால் இந்தக் கதைகள் வெளியே வந்திருக்காது.

அடுத்த வாரம் அம்மாவுக்கு ரிமோட்டில் நான்கு பொத்தான்களைச் சொல்லிக்கொடுத்தேன். விசிடி காலத்து ஆள் அல்லவா, இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார்.

ஒருநாள் ஒளிப்பதிவு முடிந்து இரவு ஒன்பது மணிக்கு மேல் வீடு திரும்பினேன். மின்தூக்கியை விட்டு இறங்கி வாசலுக்கு வந்து சாவியை எடுக்கும்போது, கதவுக்கு உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது. கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றேன். உள்ளே போனபோது அம்மா கையில் ரிமோட். மடியில் காய்கறித் தட்டு. "சாப்பிட்டியா?" என்று கேட்டாரே தவிர, திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஆகவே, இந்தத் தலைப்புக்கு என் பதில் இதுதான். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் இழுப்பறையைத் திறந்து பாருங்கள். ஹார்ட் டிஸ்க், பழைய கைப்பேசி, நாடா, எது இருந்தாலும் சரி. அதில் ஒரே ஒரு படத்தை எடுத்து, தொலைக்காட்சிக்கு ஒத்துவரும்படி மாற்றி, டிரைவில் போட்டுச் செருகுங்கள். ரிமோட்டை அம்மாவின் கையிலோ அப்பாவின் கையிலோ கொடுத்துவிட்டு, நீங்கள் எழுந்து சமையலறைக்குப் போய்விடுங்கள். கூடத்திலிருந்து படத்தின் சத்தம் கேட்டால், உங்கள் வேலை முடிந்தது. கேட்கவில்லை என்றால், அந்தப் படம் இன்னும் இழுப்பறையில்தான் இருக்கிறது என்று பொருள்.